ஒட்டாமல் விட்ட ஸ்டாம்ப்

1980-களின் கடைசியில் ஒரு மார்ச் மாதம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று பையன்கள் சைக்கிளில் வந்து என் மேஜைக்கு முன் நின்றார்கள். ஊர் இளைஞர் மன்றத்துக்காரர்கள். ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் படிப்பகம் நடத்தினார்கள். முதல் தவணை மானியத்துக்குக் கணக்குக் காட்டினால்தான் இரண்டாம் தவணை கிடைக்கும்.

கணக்கைப் பார்த்தேன். பெஞ்சு செய்த ஆசாரி கொடுத்த ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை. குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினேன். ஆசாரியோ வேலைக்குக் கேரளா போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி வருவதற்குள் மார்ச் 31 தாண்டிவிட்டது. பணம் காலாவதி. அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்கு அந்த ஊருக்குப் போனபோது திண்ணையில் ஆடு கட்டியிருந்தது.

விதிப்படி நான் செய்ததில் பிழையில்லை. ஆனாலும் அது இன்றுவரை உறுத்துகிறது. அதனால்தான், இளைஞர் பணிக்கு அரசு பணம் கொடுத்த வரலாற்றைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

நம் ஊரில் இளைஞர் மன்றம் புதிதல்ல. காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917-இல் தொடங்கியது. அப்போது ராய. சொக்கலிங்கன் போன்றவர்கள் இளவட்டங்கள்தான். 1919-இல் பாரதியார் இங்கே வந்து சங்கத்தாரோடு இருந்ததை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்போம். ஊர்ப்பணத்தில் வளர்ந்த சங்கம் அது. கணக்குக் கேட்கிறவரும் ஊர்க்காரரே. தெருவில் எதிரே வருகிற மனிதரிடம் பொய்க்கணக்குச் சொல்ல முடியாது.

ஆனால் எல்லா ஊரிலும் நகரத்தார் இல்லை. வானம் பார்த்த பூமியில் இருக்கும் கிராமத்துப் பையனுக்கு யார் கொடுப்பார்கள்? அங்கேதான் அரசின் கை தேவைப்பட்டது.

காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அதன் செலவை மத்திய அரசு ஏழு பங்கும் மாநிலம் ஐந்து பங்குமாகப் பகிர்ந்துகொண்டன. பங்கு இரண்டு என்றால் கோப்பும் இரண்டு. ஒருவர் ஒதுக்கினாலும் மற்றவர் ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2016 ஏப்ரல் முதல்தான் முழுச் செலவும் மத்திய அரசுடையதானது.

கல்லூரிக்குப் போகாத கிராமத்து இளைஞர்களுக்காக 1972-இல் நேரு யுவ கேந்திரா வந்தது. 1985 சர்வதேச இளைஞர் ஆண்டு. தில்லியில் விளையாட்டுத் துறை, இளைஞர் நலனையும் சேர்த்துக்கொண்டு பெயர் மாறியது அந்த வருஷம்தான். நம் மாவட்டம் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்ததும், அழகப்பா பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே வருஷம். 1987-இல் கேந்திராக்களை நடத்தத் தன்னாட்சி பெற்ற தனிச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பெயரில் தன்னாட்சி இருந்தது. பணம் அமைச்சகத்துடையது. ஆகவே பயன்பாட்டுச் சான்றிதழ் என்ற காகிதத்தின் ஆட்சிதான் நடந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா அங்கே கணக்குப்பிள்ளை. பிரெஞ்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் என்ன செய்தார்கள் என்று பிற்பாடு தேடிப் படித்தேன். 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே யார் வேண்டுமானாலும் சங்கம் தொடங்கலாம். 1964-இல் ‘ஃபோன்ழெப்’ என்று ஒரு நிதியம் ஏற்படுத்தினார்கள். இளைஞர் மன்றங்களில் முழுநேரம் உழைப்பவரின் சம்பளத்தில் ஒரு பகுதியை அது கொடுக்கும். அதன் நிர்வாகத்தில் அரசு அதிகாரிகளும் சங்கங்களின் பிரதிநிதிகளும் ஒன்றாக உட்காருவார்கள். பணம் வாங்குபவர்களுக்கும் அங்கே நாற்காலி உண்டு.

நம் பையன்களுக்கு என் மேஜைக்கு முன்னால் நிற்கத்தான் இடமிருந்தது.

தணிக்கையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். லெட்டர்பேடு மட்டும் வைத்திருந்த மன்றங்களையும் பார்த்திருக்கிறேன். விளையாட்டுப் போட்டி நடந்ததாக ரசீது இருக்கும், ஸ்டாம்பும் அழகாக ஒட்டியிருக்கும். மைதானத்தில் கருவேலமுள் மண்டிக் கிடக்கும். பொய்க்கணக்கு என் மேஜையைத் தாண்டிப் போனது. ஸ்டாம்ப் இல்லாத உண்மைக் கணக்கு திரும்பிப் போனது. நாங்கள் காகிதத்தைத் தணிக்கை செய்தோம், வேலையைப் பார்க்கவில்லை. ஒரு நாள் பஸ் ஏறிப் போயிருந்தால் அந்தப் பெஞ்சில் நானே உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

2023 அக்டோபர் 31 அன்று ‘மை பாரத்’ தொடங்கப்பட்டது. பதிவெல்லாம் இணையத்தில், கைப்பேசியிலேயே முடிகிறது என்று பேரன் காட்டினான். நல்லதுதான். ஆனால் திரையில் பச்சை விளக்கு எரிவதும் ஒருவகை ஸ்டாம்புதான். பணம் கொடுப்பவர் வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்த ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பணத்தைப் பங்கிடும் இடத்தில் அந்தப் பையன்களில் ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த மூவரில் ஒருவரைச் சில வருஷங்களுக்கு முன் கொப்புடையம்மன் கோயில் வாசலில் பார்த்தேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. “சார், சௌக்கியமா?” என்றார். ஸ்டாம்பைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதிவிட்டேன்.