வாக்கின் எடை: பார்பரா ஜோர்டன் வரலாறு

சட்டத்தைக் கற்றோர் பலர். சட்டத்தை ஆக்கும் அவையில் இடம்பெற்றோர் சிலர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் அவ்விடத்தைப் பெறுதற்குக் கறுப்பினப் பெண்மணி ஒருவருக்குக் கல்வியும் நாவன்மையும் மட்டும் போதவில்லை. தேர்தல் முறையே திருந்த வேண்டியிருந்தது. பார்பரா ஜோர்டனின் வரலாறு இதனைத் தெளிவுற உணர்த்தும்.

1936ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் ஹியூஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் கிடங்கு எழுத்தராகவும் திருச்சபைப் போதகராகவும் பணியாற்றியவர். உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், எடித் சாம்சன் என்னும் கறுப்பினப் பெண் வழக்கறிஞர் ஆங்கு வந்து ஆற்றிய உரை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தாமும் வழக்கறிஞராவதென உறுதி பூண்டார். ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் அந்நாளில் கறுப்பின இளங்கலை மாணவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே, கறுப்பினத்தார்க்கென அமைந்த டெக்சஸ் தென் பல்கலைக்கழகத்தில் பயின்று, சொற்போரில் சிறந்து விளங்கினார். 1959இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். ஊர் திரும்பியபின் பெற்றோர் இல்லத்து உணவு மேசையே அவருடைய முதல் அலுவலகமாயிற்று.

1962இலும் 1964இலும் மாநிலக் கீழவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஹாரிஸ் மாவட்டம் முழுவதும் வாக்களித்தே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை அப்போது நிலவியது. கறுப்பினத்தார் செறிந்து வாழ்ந்த பகுதிகளில் அவர் பெற்ற ஆதரவு மாவட்டத்தின் மொத்த வாக்குகளில் கரைந்து போயிற்று. மேலவையிலோ, 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அம்மாவட்டத்திற்கு ஓர் உறுப்பினரே இருந்தார்.

மாநில அவைகளின் தொகுதிகள் மக்கள்தொகைக்கேற்பச் சமமாக அமைதல் வேண்டும் என 1964இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி டெக்சஸ் தொகுதிகள் திருத்தப்பட்டன. ஏழையரை வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்திய தலைவரியும் 1966இல் நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது. அவ்வாண்டு நடந்த தேர்தலில் ஜோர்டன் மேலவைக்கு வெற்றி பெற்றார். 1883க்குப் பின்னர் அவ்வவையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. 1967இல் பதவி ஏற்றபோது 31 உறுப்பினருள் அவர் ஒருவரே பெண்.

அவை விதிகளை நுணுகிக் கற்றார். மாற்றுக் கருத்தினரோடும் நட்புடன் பழகினார். நடுவணரசின் ஊதியச் சட்டம் காவாது விட்ட தொழிலாளர்க்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடைக்கவும், அரசு ஒப்பந்தங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் விதி இடம்பெறவும் பாடுபட்டார். 1972 மார்ச்சில் மேலவையின் இடைக்காலத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் ஆளுநர் பொறுப்பையும் ஒருநாள் வகித்தார். பின்னர் நாடாளுமன்றம் சென்றார். 1974 ஜூலையில், அதிபர் நிக்சன் மீதான குற்றச்சாட்டை ஆராய்ந்த குழுவில் அரசியலமைப்பின் மாண்பை நிலைநாட்டி அவர் ஆற்றிய உரையை நாடே தொலைக்காட்சியில் கேட்டது.

1979இல் அரசியலை விட்டு விலகி ஆசிரியரானார். இளமையில் அவர்தம் இனத்தார்க்குக் கதவடைத்த அதே டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், 1996 ஜனவரி 17ஆம் நாள் மறையும்வரை பேராசிரியராக விளங்கினார்.

1962இல் தோற்ற ஜோர்டனிடத்திலும் அதே கல்வியும் அதே நாவன்மையும் இருந்தன. ஒவ்வொரு வாக்கும் சமமான எடை பெற்ற பின்னரே அவ்வாற்றல் மக்களுக்குப் பயன்பட்டது. குடிமையியல் பயில்வோர் இதனை மறத்தலாகாது.