சாயர்புரத்துக் கல்விச்சாலை

ஸ்ரீவைகுண்டம் என்றதும் கள்ளபிரான் சந்நிதியும் குமரகுருபரர் பிறந்த பெருமையும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் அவ்வூரைச் சார்ந்த வட்டாரத்திலேயே, ஆற்றுப் பாசனம் கண்ட வயல்களுக்கு அப்பால், பனைகள் நிறைந்த செம்மண் பூமியில், தேவபயமே ஞானத்திற்கு அஸ்திவாரம் என்ற சாலொமோனின் உபதேசத்தைப் பாடத்திட்டமாகவே கொண்டு எழுந்த சாயர்புரம் கல்விச்சாலையின் சரித்திரமும் எண்ணத்தக்கதாகும்.

1842-இல் அங்கு வந்த கிறிஸ்தவ மிஷனெரி ஜி. யு. போப், பனையேறிகளின் பிள்ளைகளை உபதேசியார்களாகவும் குருமார்களாகவும் உயர்த்தும் நோக்கத்துடன் அதனை நிறுவினார். அக்காலத்துத் திருநெல்வேலிச் சபைகளில் காலையும் மாலையும் கோயில் மணி ஒலித்ததும் ஊரார் கூடி ஜெபிப்பர். எழுத்தறியாத முதியோரும் வேதவசனங்களை வாய்ப்பாடமாக ஒப்புவிப்பர். ஏட்டறிவுக்கு முன்னரே பயபக்தி பழகிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. போப்பையரோ மிகக் கண்டிப்பானவர். ஆசிரியரிடத்து அச்சம் வேறு, ஆண்டவனிடத்து அச்சம் வேறு என்பதை அவருடைய மாணாக்கர் எளிதில் பிரித்தறிந்திருப்பரோ என்பது ஐயமே!

அவர் அகன்றபின், 1853-இல் அங்கே தமிழாசிரியராக அமர்ந்தவர் கரையிருப்பில் வைஷ்ணவ வேளாளர் குலத்தில் பிறந்து, கம்பனில் ஊறிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற அவர், 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் கிறிஸ்தவக் காவியத்தை வெளியிட்டார். பெருமாள் சந்நிதியில் பயின்ற பக்தியே கிறிஸ்துவின் சந்நிதியிலும் அவருக்குக் கைகொடுத்தது என்பது என் துணிபு.

போப்பின் பெயரால் 1962-இல் தோன்றிய கல்லூரி இன்றும் சாயர்புரத்தில் நடைபெறுகிறது.