ஆசிரியர்களிடம் தொடங்கிய மருத்துவக் காப்புறுதி



நம் தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளுள் சிலர் இன்று அமெரிக்காவில் பணியாற்றுகின்றனர். அங்கே ஊழியர்கள் தங்களுக்கும் குடும்பத்திற்கும் உரிய மருத்துவக் காப்புறுதியை ஆண்டுக்கு ஒருமுறை, சில வாரங்களுக்குள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இதனைத் ‘திறந்த பதிவுக் காலம்’ எனலாம். நோய்க்குக் காலமில்லாதபோது காப்புறுதிக்கு மட்டும் ஏன் காலக்கெடு? இவ்வினாவுக்கு விடை தேடியபோது, அதன் தொடக்கத்தில் நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர்களே நிற்பதைக் கண்டு வியந்தேன்.

டாலஸ் நகரின் ஆசிரியர்கள்

ஆண்டு 1929. டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரிலிருந்த பேய்லர் பல்கலைக்கழக மருத்துவமனையில், செலுத்தப்படாத கட்டணக் கணக்குகள் குவிந்து கிடந்தன. அதன் நிருவாகப் பொறுப்பை ஏற்ற ஜஸ்டின் ஃபோர்ட் கிம்பால், அதற்கு முன்னர் அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். கடன்பட்டோரின் கணக்குகளைப் புரட்டிய அவர், அவர்களுள் ஆசிரியர்கள் பலர் இருப்பதைக் கண்டார். குறைந்த ஊதியம் பெறும் ஆசிரியரால் மருத்துவச் செலவை ஒரே நேரத்தில் கட்ட இயலாது. ஆனால் சிறிது சிறிதாகக் கட்ட இயலும் என அவர் எண்ணினார்.

மாதம் 50 சென்ட் கட்டும் ஆசிரியருக்கு 21 நாள்வரை மருத்துவமனைப் பராமரிப்பு என்பதே அவர் வகுத்த திட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இணைந்தனர். இதற்கு அவர் ஒரு நிபந்தனையும் விதித்தார். ஆசிரியர்களுள் 75 விழுக்காட்டினர் சேர்ந்தால்தான் திட்டம் தொடங்கும்.

திறந்த பதிவுக் காலத்தின் அடிப்படை இந்த நிபந்தனைக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஒருவர் ஆண்டு முழுவதும் கட்டுவது 6 டாலர். ஆயிரம் பேர் கட்டினால் 6,000 டாலர். அவ்வாண்டில் நோயுறும் சிலரின் செலவை நலமாக இருக்கும் பலரின் பணம் தாங்குகிறது. மாறாக, நோய் வந்த பிறகே ஒவ்வொருவரும் சேர்வார்களானால் நிதி வறண்டுவிடும். ஆகவே, நலமாக இருக்கும்போதே சேர வேண்டும் என்பது விதியாயிற்று. வெள்ளம் வருமுன் அணை போடு என்னும் நம் பழமொழியும் இதைத்தானே சொல்கிறது! இத்தகைய மருத்துவமனைத் திட்டங்களே பின்னாளில் ‘நீலச் சிலுவை’ என்னும் பெயரில் நாடெங்கும் பரவின.

போர் தந்த திருப்பம்

1940-இல் அமெரிக்கர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடமே மருத்துவக் காப்புறுதி இருந்தது. இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. விலைவாசி ஏறாமல் தடுக்க, 1942-ஆம் ஆண்டின் நிலைப்படுத்தல் சட்டம் ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் காப்புறுதி போன்ற சலுகைகளுக்கு அது விலக்களித்தது. ஆள் பற்றாக்குறையால் தவித்த முதலாளிகள், ஊதியத்தை உயர்த்த முடியாத நிலையில், மருத்துவக் காப்புறுதி தருவதாகக் கூறித் தொழிலாளர்களை ஈர்த்தனர். பின்னர், முதலாளி செலுத்தும் காப்புறுதித் தொகைக்கு ஊழியர் வருமான வரி கட்டத் தேவையில்லை என்பதை 1954-ஆம் ஆண்டின் வரிச் சட்டம் உறுதிப்படுத்தியது. 1950-இலேயே மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏதோ ஒரு வகைக் காப்புறுதி பெற்றிருந்தனர்.

இதற்கிடையே, 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் அனைவருக்குமான தேசிய மருத்துவக் காப்புறுதியை முன்மொழிந்தார். அம்முயற்சி கைகூடவில்லை. போர்க்கால ஏற்பாடு ஒன்று நிலையான அமைப்பாகிவிட்டது.

தேர்வு செய்யும் உரிமை

1959-இல் நடுவண் அரசு ஊழியர்களுக்கான மருத்துவ நலச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 சூலையில் நடப்புக்கு வந்தது. ஒரே திட்டத்தைத் திணிக்காமல், பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அது ஊழியருக்கு அளித்தது. இன்று அவர்களின் பதிவுக் காலம் நவம்பர் நடுவில் தொடங்கி திசம்பர் நடுவில் முடிகிறது. தனியார் நிறுவனங்கள் பலவும் ஆண்டிறுதிக்கு முன்னரே பதிவை நடத்துகின்றன.

1978-ஆம் ஆண்டின் வரிச் சட்டத் திருத்தம், வரிச் சலுகையுடன் நலன்களைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. பொதுவாக, தேர்ந்தெடுத்ததை அவ்வாண்டு முடியும்வரை மாற்ற இயலாது. திருமணம், மகப்பேறு போன்றவை நிகழ்ந்தால் மட்டும் இடையில் சேர வாய்ப்புண்டு. அதற்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என 1996-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது.

மறுபக்கம்

காப்புறுதி வேலையோடு கட்டப்பட்டதால், வேலை போனால் காப்புறுதியும் போகும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியோரையும் ஏழையரையும் இவ்வமைப்பு கைவிட்டதனாலேயே 1965-இல் அவர்களுக்கெனத் தனி அரசுத் திட்டங்கள் பிறந்தன. வேலை இழந்தவர் பொதுவாக 18 மாதம்வரை பழைய காப்புறுதியைத் தொடரலாம் என 1980-களில் சட்டம் வந்தது. ஆனால் முதலாளி செலுத்திவந்த பங்கையும் அவரே கட்ட நேரிடும். வருமானம் நின்றுபோன வீட்டிற்கு இது எத்துணைப் பெரிய சுமை என்பதை எண்ணிப் பாருங்கள். 2010-ஆம் ஆண்டின் சட்டம், பிள்ளைகள் 26 வயது அடையும்வரை பெற்றோரின் காப்புறுதியில் இருக்க வழிசெய்தது. 2014 முதல், முன்பே உள்ள நோயைக் காரணம் காட்டிக் காப்புறுதியை மறுப்பதும் தடுக்கப்பட்டது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அங்கே பணிக்குச் சென்றால் மூன்றை மட்டும் கேட்டறியச் சொல்லுங்கள்: மாதந்தோறும் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பர்? காப்புறுதி ஏற்கும் முன்னர்த் தாமே எவ்வளவு செலவிட வேண்டும்? எந்தெந்த மருத்துவர்கள் அத்திட்டத்திற்கு உட்பட்டவர்கள்? மாதச் சந்தா குறைவு என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், நோயுறும்போது கைப்பணம் கரையும்.

ஆசிரியர்களே, டாலஸ் கணக்கை உங்கள் கணித வகுப்பிலும் கொடுத்துப் பாருங்கள். ஆயிரம் பேருள் பத்துப் பேர் நோயுற்றால் ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கும்? ஐம்பது பேர் நோயுற்றால்? வகுத்தலோடு, பிறர்க்கு உதவும் பண்பையும் மாணவர்கள் சேர்த்தே கற்பார்கள்.