சாந்தில் கீறிய கோடுகள்

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் சகோதரர்கள் சிலருடன் சென்ற ரமளானில் அண்மையிலுள்ள ஒரு பள்ளிவாசலுக்கு இஃப்தாருக்குச் சென்றிருந்தேன். பள்ளியைப் புதுப்பித்திருந்தார்கள். உள்சுவர் முழுவதும் ஆளுயரத்திற்கு எட்டுமுனை நட்சத்திரங்கள் அச்சிட்ட டைல்ஸ். பார்வைக்கு அழகாகவே இருந்தது, சுவர் திரும்பும் மூலையைக் காணும் வரையில். அங்கே ஒரு நட்சத்திரம் மூன்றில் இரண்டு பங்கோடு வெட்டுண்டு, அடுத்த சுவரின் முழு நட்சத்திரத்தோடு முட்டி நின்றது. வேலை முடித்துக் கொண்டிருந்த கொத்தனாரிடம் கேட்டேன். "டைல்ஸ் வந்த அளவுக்கு ஒட்டிட்டோம் பாய்" என்றார். அவர் மேல் குறையில்லை. ஓட்டின் அளவு தொழிற்சாலையில் முடிவாகிவிட்டது. சுவரின் அளவை யாரும் கேட்கவில்லை.

நம் முன்னோர் இவ்வடிவங்களைக் கையால் வரைந்த காலத்தில் வேலை சுவரிலிருந்து தொடங்கியது. அவர்கள் எப்படி வரைந்தார்கள் என்னும் கேள்விக்கு விடை தேடினால், வழி நம் நாட்டு ஆக்ராவிற்கே செல்கிறது.

அங்கே ஆங்கிலேயர் காலத்தில் எர்னஸ்ட் ஹன்பரி ஹான்கின் என்றொரு நுண்ணுயிர் ஆய்வாளர் பணியாற்றினார். கங்கை, யமுனை ஆறுகளின் நீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று 1896இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவன இதழில் பிரெஞ்சு மொழியில் எழுதியவர் அவரே. ஓய்வு வேளைகளில் முகலாயக் கட்டடங்களின் வடிவங்களைப் பார்த்துப் படியெடுப்பது அவருக்கு வழக்கம். படியெடுத்தல் எளிது, அவ்வடிவம் எங்கிருந்து பிறந்தது என்பதைக் கண்டறிவது கடினம். பத்துமுனை நட்சத்திரமும் ஐங்கோணமும் பின்னிப் பிணைந்த ஒரு கோலத்தைப் பார்ப்பவருக்கு எந்தக் கோட்டை முதலில் இழுத்தார்கள் என்பது விளங்காது.

பேரரசர் அக்பர் 1571இல் எழுப்பத் தொடங்கிய ஃபதேபூர் சிக்ரியின் ஒரு குளியல் கூடத்தில் அவருக்கு விடை கிடைத்தது. சாந்துப் பூச்சின் மீது, தீட்டிய கோலத்திற்கு அடியில், கூர்முனையால் கீறிய மெல்லிய கோடுகள் ஆங்காங்கே எஞ்சியிருந்தன. அவை நட்சத்திரத்தின் கோடுகள் அல்ல. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் பலகோணங்கள். வரைந்தவர் முதலில் பலகோணங்களால் பரப்பை நிரப்பியிருக்கிறார். அவற்றின் மேல் கோலத்தைப் படைத்திருக்கிறார். பிறகு பலகோணங்களை மறைத்துவிட்டிருக்கிறார். இம்முறையை விளக்கி ஹான்கின் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1925இல் தன் பதினைந்தாவது நினைவேடாக வெளியிட்டது.

முறையைச் சொல்லிவிடுகிறேன், தாளும் அடிக்கோலும் கவராயமும் இருந்தால் போதும். சம அளவுள்ள எண்கோணங்களைப் பக்கத்தோடு பக்கம் பொருந்த வரிசையாக வரையுங்கள். நான்கு எண்கோணங்கள் கூடுமிடத்தில் ஒரு சிறு சதுரம் தானாகவே விழும். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்து, அப்புள்ளியில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல வெட்டிச் செல்லுமாறு இழுங்கள். எல்லாப் பக்கங்களிலும் சாய்வு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்ட கோடு மற்றொரு பக்கத்திலிருந்து வரும் கோட்டைச் சந்திக்குமிடத்தில் நிறுத்துங்கள். எண்கோணத்தினுள் எட்டுமுனை நட்சத்திரம் எழுந்து நிற்கும். இனி எண்கோணங்களை அழித்துவிடலாம்.

நான் அளந்த அந்தச் சுவரின் நீளம் 11 அடி 8 அங்குலம், அதாவது 140 அங்குலம். ஓர் அடி ஓடு பதித்தால் பதினொன்று போக எட்டு அங்குலம் மிஞ்சும். மூலையில் நான் கண்ட ஊனம் அதுதான். கையால் வரைபவர் எண்கோணத்தின் அகலத்தைப் பதினான்கு அங்குலமாக வைத்துக்கொண்டால் பத்து நட்சத்திரங்கள் சிந்தாமல் சிதறாமல் அமர்ந்துவிடும்.

ஹான்கின் கண்டது ஓர் ஊரின் தனிப் பழக்கமன்று. இஸ்தான்புல்லின் டோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் 29.5 மீட்டர் நீளமுள்ள ஒரு சுருள் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலோ பதினாறாம் நூற்றாண்டிலோ ஈரானியப் பகுதியில் உருவானதாகக் கருதப்படும் இச்சுருளில் 114 வடிவங்கள் உள்ளன. மையினால் இழுத்த கோடுகளுக்கு அடியில், மையில்லாமல் வெறும் முனையால் கீறிய துணைக்கோடுகள் அதிலும் இருக்கின்றன. குல்ரு நெஜிபோக்லு என்னும் அறிஞர் 1995இல் இச்சுருளை முழுமையாகப் பதிப்பித்தார். சிக்ரியின் சாந்தும் இந்தத் தாளும் ஒரே பேச்சைப் பேசின.

இன்னும் பின்னே சென்றால் பத்தாம் நூற்றாண்டுப் பக்தாதில் அபுல் வஃபா அல் பூஸ்ஜானி (940–998) நிற்கிறார். கைவினைஞருக்குத் தேவையான வடிவியலை அவர் தனி நூலாகவே எழுதினார். மூன்று சம சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்பதில் கைவினைஞர் செய்த பிழைகளை அந்நூல் எடுத்துக்காட்டுகிறது. கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவதும் கணக்கில் சரியாக இருப்பதும் வேறு வேறு என்பது அவர் கருத்து. ஆனால் கைவினைஞரை அவர் இழிவாகப் பேசவில்லை. அவர்களோடு அமர்ந்து உரையாடியவர் அவர்.

இவ்வடிவங்கள் இறைவனின் ஏகத்துவத்தையும் எல்லையின்மையையும் குறிக்கவே வரையப்பட்டன என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். அழகான எண்ணம்தான். வரைந்த உஸ்தாதுகள் அவ்வாறு எழுதி வைத்திருப்பதை நான் கண்டதில்லை. அவர்கள் பெயரில் நாம் பேசாமலிருப்பது நேர்மை. அவர்கள் நமக்கு விட்டுச் சென்றது கோடுகளை.

தமிழகத்தின் பழைய பள்ளிவாசல்கள் வேறொரு வழியில் சென்றன. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் கோயில் கட்டும் மரபில் பயின்ற கைகளின் சாயல் கொண்ட கல்தூண்களைக் காணலாம். மனித, விலங்கு உருவங்களைத் தவிர்த்துப் பூவும் கொடியும் வடிவியல் உருக்களும் செதுக்கப்பட்டன. கல்லில் கீறிய துணைக்கோடு உளியோடு போய்விடும். சுண்ணாம்புச் சாந்தில் அது தங்கும், மேலே யாரும் கை வைக்காத வரையில். நம் வட்டாரத்திலும் பழைய பள்ளிகளை இடித்துப் பெரிதாக்குகிறோம். ஜமாஅத் பெருகும்போது இடம் வேண்டும், அதில் வாதமில்லை. ஆனால் இடிக்கும் நாளில் அந்தச் சாந்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

மார்கழியில் எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு அம்மாமார் புள்ளிக்கோலம் இடும்போது நின்று பார்ப்பேன். புள்ளி முதலில், கோடு பிறகு. அவர்களுடைய அடிப்படை வாசலிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளைகள் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி போன்றோர் 1970களில் கோலத்தைக் கணித இலக்கணமாகவே ஆராய்ந்தார்கள். நம் கோலத்தில் அடிப்படை அழிக்கப்படுவதால், கற்பிக்கும் கை நின்றதும் வழியும் நின்றுபோகிறது.

உங்கள் ஊரில் சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய பள்ளியோ தர்காவோ புதுப்பிக்கப்படுமானால், வேலை தொடங்கும் முன்னிரவில் உள்விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலிட்டுத் தெரியும். தெரிந்தால், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, முத்தவல்லியிடம் ஒரு படியைக் கொடுத்து வையுங்கள்.