பந்திக்கு முந்தியோரும் திருப்பித் தந்தோரும்

இணையத்தில் நுழையும் கணினிக்கு ஓர் எண்முகவரி வேண்டும். அதனை நமக்குத் தருவது இணையச் சேவை நிறுவனம். அந்நிறுவனத்திற்குத் தந்தவர் யார் என வினவினால், உடைமை பற்றிய ஒரு பழைய வழக்கே நம் முன் விரிகிறது.

1981ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி மொத்த எண்கள் ஏறத்தாழ 430 கோடி. அன்று அது வற்றாத கடலெனத் தோன்றியது. யாருக்கு எவ்வெண் என்னும் பட்டியலைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வறிஞர் ஜான் போஸ்டல் பேணி வந்தார். பங்குகளோ மூன்றே அளவின: 256, 65,536, 1 கோடியே 67 லட்சம். 256 போதாது என்றவர்க்கு அடுத்த அளவு 65,536 தான்! பந்திக்கு முந்திய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஆளுக்கொரு பெரும்பங்கு பெற்றன.

இவ்விரயம் நீடிக்கலாகாதென 1993இல் தேவைக்கேற்ப வெட்டித் தரும் முறை வந்தது. உலகப் பதிவகம் வட்டாரப் பதிவகங்களுக்குப் பெருந்தொகுதிகளை வழங்கும். அவை தேவையைச் சான்றுடன் காட்டும் சேவை நிறுவனங்களுக்குப் பிரித்தளிக்கும். அந்நிறுவனங்கள் வாடிக்கையாளர்க்கு ஈயும். ஐரோப்பாவிற்கு 1992இலும் ஆசிய-பசிபிக் பகுதிக்கு 1993இலும் தோன்றிய இப்பதிவகங்கள், 2005இல் ஆப்பிரிக்காவும் சேர ஐந்தாயின.

ஆயினும் 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பதிவகத்தின் இறுதி ஐந்து தொகுதிகளும் ஐவருக்கும் பகிரப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் நம் ஆசிய-பசிபிக் பகுதியில் ஓர் உறுப்பினர்க்கு 1,024 எண்களே உச்சவரம்பு என வகுக்கப்பட்டது. ஓர் எண்ணின் பின்னே பல வாடிக்கையாளர்களை நிறுத்திச் சேவை நிறுவனங்கள் காலந்தள்ளுகின்றன. எண்கள் விலைபொருளுமாயின, திவாலான நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 எண்களை மைக்ரோசாஃப்ட் 2011இல் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது.

முந்திய இரு கல்விக்கூடங்களும் செய்தது என்ன? மாசசூசெட்ஸ் கழகம் 2017இல் தன் பங்கில் ஏறத்தாழப் பாதியை விற்க முற்பட்டது. அதில் சட்டப் பிழையேதுமில்லை. ஸ்டான்ஃபோர்டோ 2000ஆம் ஆண்டிலேயே தன் பெரும்பங்கினை முழுதாகத் திருப்பித் தந்துவிட்டது. எவ்விதியும் அதனைக் கட்டாயப்படுத்தவில்லை. அத்தொகுதி 2010இல் ஆசிய-பசிபிக் பதிவகத்திற்கு வழங்கப்பட்டது. 1,024 எனப் பகுத்தால் 16,384 பேர்க்குப் போதுமான எண்கள் அவை!

128 இருமப் புள்ளிகள் கொண்ட ஆறாம் பதிப்பில் பஞ்சம் இல்லை என்பர். 430 கோடியையும் அன்று அவ்வாறே கருதினோம். எண் எவர்க்கும் உடைமையன்று, பயன்படுத்தும் உரிமையே என்று பதிவகங்கள் சொல்லி வந்ததைச் செயலில் காட்டியது, கட்டாயமின்றியே திருப்பித் தந்த அந்த ஒரு பல்கலைக்கழகம். கல்வி கற்பிக்கும் நாம் நினைவிற் கொள்ள வேண்டிய பாடம் அதுவே.