இம்ப்ளான்ட் போதுமா, லிஃப்ட்டும் வேணுமா? ஒரு அளவுகோலின் கதை

இன்னைக்கு எபிசோடுக்கு முன்னாடி, "ஹெட்போன் போட்டுக்கிட்டு கேளுங்க"ன்னு ஒரு எச்சரிக்கை கொடுக்கலாமான்னு யோசிச்சேன். அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டேன். உலகத்துல பாதிப் பேருக்கு இருக்கிற ஒரு உறுப்போட வரலாறுதானே, ஸ்பீக்கர்லயே கேட்கலாம்.

நமக்கு வர்ற மெயில்கள்ல ஒரு கேள்வி வேற வேற வடிவத்துல திரும்பத் திரும்ப வருது. மார்பகத்தைப் பெரிதாக்க நினைக்கிற ஒரு பெண், பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட போறாங்க. ஒருத்தர், "இம்ப்ளான்ட் வெச்சா போதும்"னு சொல்றார். இன்னொருத்தர், "அது மட்டும் போதாது, லிஃப்ட்டும் செய்யணும்"னு சொல்றார். அதே உடம்பு, அதே வாரம், ரெண்டு பதில். ரெண்டாவது பதில்ல செலவும் கூட, தழும்பும் கூட. அப்போ யாரோ ஒருத்தர் ஏமாத்துறாங்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் குழப்பத்துக்கு நூத்தியிருபது வருஷத்துக்கு மேல வயசு. நான் டாக்டர் இல்லை, அதனால யாருக்கு எது சரின்னு இங்கே சொல்லப் போறதில்லை. ஆனா அந்தக் கேள்வியை அளக்கிற ஸ்கேலை யார் செய்தாங்க, எப்படிச் செய்தாங்கன்னு சொல்ல முடியும். அதைத் தெரிஞ்சுக்கிட்டா, டாக்டர் முன்னாடி உட்காரும்போது வேற மாதிரி உட்காரலாம்.

ரெண்டு தனித்தனிப் பாதைகள்

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். பெரிதாக்குவதும் தூக்கி நிறுத்துவதும் ஒரே வேலை இல்லை. தலையணையை நினைச்சுக்கோங்க. இம்ப்ளான்ட்ங்கிறது உள்ளே இன்னும் கொஞ்சம் பஞ்சு அடைக்கிறது. லிஃப்ட்ங்கிறது தொளதொளன்னு ஆகிப்போன உறையைப் பிடிச்சுத் தைக்கிறது. முன்னது அளவைக் கூட்டும். பின்னது தோலைக் குறைத்து, முலைக்காம்பை மேலே நகர்த்தும். இம்ப்ளான்ட் தானாக முலைக்காம்பை மேலே கொண்டுபோய் வைக்காது. பல பேருக்கு எதிர்பார்ப்பு உடையுற இடம் இதுதான்.

வரலாற்றிலும் இவை தனித்தனியாகத்தான் பிறந்தன. 1895இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி என்ற அறுவை மருத்துவர், மேடைக் கலைஞரான ஒரு பெண்ணின் மார்பில் இருந்த கட்டியை அகற்றினார். அதனால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்ப, அந்தப் பெண்ணின் உடம்பிலேயே வேறொரு இடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து வைத்தார். மார்பகத்தை நிரப்பும் அறுவை சிகிச்சையின் வரலாறு பொதுவாக இங்கிருந்துதான் தொடங்கப்படுகிறது. கவனிங்க, அது அழகுக்காகச் செய்ததில்லை, இழந்ததைத் திருப்பிக் கொடுக்கச் செய்தது.

ரெண்டே வருஷம் கழித்து, 1897இல், பிரான்ஸில் பூசோன் என்ற மருத்துவர், தொய்ந்த மார்பகத்தின் மேல்பகுதியில் பிறை வடிவில் தோலையும் திசுவையும் நீக்கி, மீதியை மார்புத் தசையின் உறையோடு சேர்த்துத் தைத்தார். லிஃப்ட் பாதை அங்கே தொடங்குகிறது.

நிரப்பும் பாதை சீக்கிரமே ஆபத்தான பக்கம் திரும்பியது. 1899இல் வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி உடம்புக்குள் பாரஃபின் ஊசி போடும் முறையைத் தொடங்கினார். ஆமா, மெழுகு. அதை மார்பகத்திலும் போட்டார்கள். அது கட்டிகளானது, இடம் நகர்ந்தது, புண்ணானது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பாஞ்ச், அப்புறம் திரவ சிலிகான் ஊசி என்று இதே தவறு புதுப் புதுப் பொருள்களில் திரும்பி வந்தது.

இருபது பெண்கள், 21 சென்டிமீட்டர்

சரி, முலைக்காம்பை மேலே நகர்த்தணும்னா, எங்கே வைக்கணும்? "சரியான இடம்"னு ஒண்ணு இருக்கா?

1955இல் தென்னாப்பிரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஜாக் பென் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். முன்வந்த 150 பெண்களில் இருந்து, அழகியல் ரீதியாகக் குறையில்லாத மார்பகம் என்று தான் கருதிய 20 பேரைத் தேர்ந்தெடுத்து அளந்தார். கழுத்துக்குழியில் இருந்து ஒவ்வொரு முலைக்காம்புக்கும், முலைக்காம்புகளுக்கு இடையிலும் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர். ஒரு சமபக்க முக்கோணம். கேட்க நேர்த்தியா இருக்கு, இல்லையா? இந்த எண் பல பத்தாண்டுகளுக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி பாடங்களில் சுற்றி வந்தது.

ஆனா அந்த 20 பேரை "குறையில்லை"ன்னு சொன்னது யார்? அளந்தவரேதான். மீதி 130 பேரும் ஆரோக்கியமான பெண்கள்தான், ஆனா கணக்கில் சேரவில்லை. உயரமான பெண்ணுக்கும் குள்ளமான பெண்ணுக்கும் ஒரே 21 எப்படிப் பொருந்தும்ங்கிற கேள்வியும் அப்படியே நின்னுடுச்சு.

அடுத்த வருஷம், 1956இல், ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க சர்ஜன் மார்பகத்தில் எங்கே வெட்டணும் என்று வரைந்துகொள்ள ஒரு வார்ப்பு உருவாக்கினார். அதற்கு அடிப்படை பிராவின் தையல் வெட்டு. இன்னைக்கும் அது "வைஸ் பேட்டர்ன்"தான். கருவட்டத்தைச் சுற்றி ஒரு தழும்பு, கீழ்நோக்கி ஒரு கோடு, மடிப்போடு ஒரு கோடு. நங்கூர வடிவத் தழும்புன்னு சொல்றது இதைத்தான்.

ஹூஸ்டன், 1962

இப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச அத்தியாயம். டெக்சாஸின் ஹூஸ்டனில் ஃப்ராங்க் ஜெரோவும் தாமஸ் க்ரோனினும் சிலிகான் பைக்குள் சிலிகான் ஜெல் நிரப்பிய இம்ப்ளான்டை உருவாக்கினார்கள். பிளாஸ்டிக் பையில் இருந்த ரத்தத்தை அமுக்கிப் பார்த்தபோது ஜெரோவுக்கு யோசனை வந்தது என்பார்கள். முதலில் ஒரு நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். பிறகு 1962இல் ஒரு பெண்ணுக்கு.

அந்தப் பெண் ஆறு குழந்தைகளின் தாய், தொழிற்சாலை ஊழியர். பின்னாளில் பேட்டிகளில் அவரே சொன்னது: அவர் மருத்துவமனைக்குப் போனது மார்பில் இருந்த பச்சையை அழிக்க. இம்ப்ளான்ட் பேச்சை எடுத்தது டாக்டர்கள். அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த காதுகளைச் சரி செய்வது. அதையும் செய்து கொடுப்பதாகச் சொன்னார்கள், அவர் ஒத்துக்கொண்டார்.

இந்தக் கதையை ஒரு சுவாரசியத் துணுக்காகத்தான் நிறையப் பேர் சொல்றாங்க. எனக்கு இதுல வேற ஒண்ணு தெரியுது. இந்தத் துறையோட முதல் பக்கத்திலேயே, நோயாளி கேட்டது ஒண்ணு, டாக்டர் முன்வெச்சது வேற ஒண்ணு.

மான்ட்ரியலின் கோடு

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். ரெண்டு பாதையையும் ஒரே அறுவை சிகிச்சையில் சேர்த்தது யார்? 1960இல் மெக்சிகோவின் மாரியோ கொன்சாலெஸ் உயோவா ஒரு கட்டுரை எழுதினார். 1966இல் கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த பவுல் ரெக்னோ, சிறியதாகவும் தொய்ந்தும் இருக்கிற மார்பகத்துக்கு இம்ப்ளான்ட், லிஃப்ட் இரண்டையும் ஒன்றாகச் செய்யும் முறையை விளக்கினார். பெயரை வைத்து ஆண்னு நினைச்சுடாதீங்க. ஆண்கள் நிறைந்த துறையில் அவர் ஒரு பெண் சர்ஜன்.

1976இல் ரெக்னோ எழுதிய வகைப்பாடுதான் இன்னைக்கும் ஏறக்குறைய எல்லா கிளினிக்கிலும் இருக்கு. அவர் பார்த்தது ரெண்டு விஷயம்: முலைக்காம்பு எங்கே இருக்கு, மார்பகத்துக்குக் கீழே இருக்கிற மடிப்பு எங்கே இருக்கு.

காம்பு மடிப்பின் மட்டத்திலேயே இருந்தால் முதல் நிலை. மடிப்புக்குக் கீழே போயிருந்தாலும் மார்பகத்தின் அடிப்பகுதிக்கு மேலே இருந்தால் இரண்டாம் நிலை. மார்பகத்தின் ஆகக் கீழான இடத்துக்கே வந்து தரையைப் பார்த்தால் மூன்றாம் நிலை. காம்பு மடிப்புக்கு மேலேயே இருந்து, திசு மட்டும் கீழே சரிந்திருந்தால், அதற்குப் போலித் தொய்வு என்று பெயர்.

இதுல ஒரு நுட்பமான மாற்றம் இருக்கு. பென்னோட 21 சென்டிமீட்டர், ஒரு பெண்ணை வேற 20 பெண்களோட ஒப்பிட்டது. ரெக்னோவோட கோடு, ஒரு பெண்ணை அவங்க உடம்போடவே ஒப்பிட்டது. உங்க காம்பு, உங்க மடிப்பு. வெளியே இருந்து வர்ற எண் எதுவும் இல்லை.

பொதுவாகச் சொன்னால், தொய்வு இல்லாதவருக்கும், போலித் தொய்வு அல்லது லேசான முதல் நிலை உள்ள சிலருக்கும் இம்ப்ளான்ட் மட்டும் போதலாம். இரண்டு, மூன்றாம் நிலைகளில் லிஃப்ட் இல்லாமல் இம்ப்ளான்ட் வைத்தால், இம்ப்ளான்ட் மேலே நிற்க, சொந்தத் திசு அதன் மேலிருந்து வழிந்து தொங்கும். சர்ஜன்கள் இதை "அருவி" என்றே சொல்கிறார்கள்.

அப்போ ரெண்டு டாக்டர் ஏன் ரெண்டு பதில் சொல்றாங்க? முதல் நிலைக்கும் ரெண்டாம் நிலைக்கும் நடுவுல இருக்கிறவங்கதான் நிறைய. அங்கே தோலின் இறுக்கம், திசுவின் அளவு எல்லாம் சேர்ந்து முடிவாகுது. ஒருத்தர், "கொஞ்சம் பெரிய இம்ப்ளான்ட் வெச்சு தோலை நிரப்பிடலாம், தழும்பு குறையும்"னு நினைப்பார். இன்னொருத்தர், "பெரிய இம்ப்ளான்ட்னா எடை கூட, தோல் இன்னும் தொய்யும், நாலு வருஷத்துல திரும்ப வருவீங்க"ன்னு நினைப்பார். ரெண்டுமே நியாயமான வாதம். ரெண்டுலயும் ஒரு விலை இருக்கு.

"சர்ஜனே, ஜாக்கிரதை"

"அப்போ ரெண்டையும் ஒண்ணா செஞ்சுட்டா பிரச்சினை தீர்ந்தது"ன்னு தோணும். 2003இல் வாஷிங்டனைச் சேர்ந்த ஸ்காட் ஸ்பியர், துறையின் முக்கிய இதழில் எழுதிய தலையங்கத்தின் தலைப்பிலேயே சர்ஜன்களை ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார். காரணம் எளிது. இம்ப்ளான்ட் தோலை உள்ளிருந்து விரிக்குது. லிஃப்ட் தோலை வெளியிலிருந்து இறுக்குது. எதிரெதிராக இழுக்கும் ரெண்டு வேலையை ஒரே நாளில் செய்யும்போது தையல் விரியலாம், தழும்பு அகலமாகலாம், முலைக்காம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையலாம்.

2007இல் கலிஃபோர்னியாவில் இருந்து வந்த ஒரு ஆய்வு, ஒரே கட்டமாகச் செய்துகொண்ட 321 பேரைப் பார்த்தது. அதில் 14.6 சதவீதம் பேருக்கு மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. ரெண்டு தடவையாகச் செய்வது என்று தொடங்கினால், எல்லாருக்குமே ரெண்டு அறுவை நிச்சயம். அதனால் ஒரே கட்டம் ஏற்கத்தக்கது என்பது அந்த ஆய்வாளர்களின் வாதம். நமக்கோ, ஏறக்குறைய ஏழில் ஒருவர் திரும்பப் படுக்கைக்குப் போனார் என்பதும் அதே எண்தான்.

குறையா, நோயா?

1980களின் தொடக்கத்தில், அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு எழுதிய கருத்தில், சிறிய மார்பகம் என்பதையே ஒரு நோய் என்று வாதிட்டது. ஒரு கருவிக்குச் சந்தை வேணும்னா, முதல்ல ஒரு நோய் வேணும். "முதல் நிலை, இரண்டாம் நிலை"ங்கிற வார்த்தைகளும் புற்றுநோய் ரிப்போர்ட் மாதிரியே காதில் விழுது. ஆனா மூன்றாம் நிலைத் தொய்வும் நோய் இல்லை. ஒரு உடம்பு எப்படி இருக்குங்கிறதோட விவரிப்பு, அவ்வளவுதான்.

தொய்வுக்கு யாரைக் குறை சொல்றோம்? நம்ம ஊர்ல தாய்ப்பாலைத்தான். 2008இல் அமெரிக்காவின் கென்டகியில் இருந்து வெளியான ஆய்வு, தாய்ப்பால் கொடுப்பது தொய்வுக்கான காரணியாகத் தெரியவில்லை என்றது. வயது, உடல் எடை, கர்ப்பங்களின் எண்ணிக்கை, ஏற்கெனவே பெரிதாக இருந்த மார்பளவு, புகைபிடித்தல் ஆகியவைதான் காரணிகளாகத் தெரிந்தன. "ஷேப் போயிடும்"னு பால் கொடுக்கத் தயங்குற தோழி யாராவது இருந்தா, இந்தப் பகுதியை மட்டும் அனுப்பி வைங்க.

கேட்கவேண்டிய கேள்விகள்

1992இல் எஃப்.டி.ஏ. சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. பாதுகாப்புக்கு நிறுவனங்கள் போதிய ஆதாரம் தரவில்லை என்பதுதான் காரணம். முதல் பெண்ணுக்கு வைத்து முப்பது வருஷம் கழித்து! 2006இல் இரண்டு நிறுவனங்களின் இம்ப்ளான்ட்களை மறுபடி அனுமதித்தது. 2021இல், அபாயங்களைப் பட்டியலிட்ட ஒரு படிவத்தை நோயாளியோடு உட்கார்ந்து பார்த்த பிறகே இம்ப்ளான்ட் வைக்கணும் என்று உத்தரவிட்டது. அந்த அமைப்பு தொடர்ந்து சொல்வது ஒன்று: இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் இருக்கிற பொருள் இல்லை. ஒருநாள் அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டி வரலாம்.

ஆக, இந்தக் கேள்வியோட யாராவது போறீங்கன்னா, "எத்தனை சிசி?"ங்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க. என் காம்பு மடிப்புக்கு மேலயா, கீழயா? எனக்குக் காட்டிச் சொல்லுங்க. லிஃப்ட் இல்லாம இம்ப்ளான்ட் மட்டும் வெச்சா அஞ்சு வருஷத்துல எப்படி இருக்கும்? இம்ப்ளான்டே இல்லாம லிஃப்ட் மட்டும் செஞ்சா எனக்குப் போதுமா? தழும்பு எங்கே வரும், உங்ககிட்ட செஞ்சவங்களோட போட்டோ இருக்கா? உணர்ச்சி குறையுமா, பின்னாடி பால் கொடுக்க முடியுமா? திரும்ப ஆபரேஷன் வந்தா செலவு யாருடையது? எதுவுமே செய்யாம விட்டா என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எனக்கே தெரியும். தொய்வைப் பொறுத்தவரை, உடல்நலத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதைக் கேட்ட பிறகும் "எனக்கு வேணும்"னு தோணினா, அது உங்க முடிவு. அதுக்கு யாரும் உங்களைக் கேலி செய்ய உரிமை இல்லை. ஆனா அந்த "வேணும்" உங்களோடதா, 1955இல் யாரோ தேர்ந்தெடுத்த 20 பேரோடதான்னு ஒரு ராத்திரி யோசிச்சுப் பார்த்துட்டுப் போங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.