இமயத்துச் செய்தியும் இதயத்து உண்மையும்

பயண நூல் என்பது ஊர்ப் பெயர்களின் நிரல் அன்று. ஒரு நகரின் குணத்தை மனிதர் குணம்போல அறிந்து எடுத்துரைப்பதே அதன் பணியாகும். இருபதாம் நூற்றாண்டிலே அக்கலையில் ஆங்கில உலகின் முன்னணியில் நின்றவர் ஜான் மொறிஸ் அம்மையார்.

1926 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் நாள் இங்கிலாந்தின் கிளீவ்டன் என்னும் கடலோர ஊரிலே பிறந்த அவர், ஆணென்று கருதப்பட்டு, ஜேம்ஸ் என்னும் பெயருடன் வளர்ந்தார். தாம் பெண்ணே என்னும் உணர்வு மூன்று நான்கு வயதிலேயே தம்முள் எழுந்ததெனப் பின்னாளில் அவரே எழுதினார். 1949 இல் எலிசபெத் என்பவரை மணந்தபோது அவ்வுண்மையை அவரிடம் மறைக்கவில்லை.

1953 இல் 'ரைம்ஸ்' இதழின் நிருபராக எவரெஸ்டுக் குழுவினருடன் சென்றார். மே 29 இல் ஹில்லறியும் தென்சிங்கும் சிகரத்தை அடைந்தனர். மறுநாள், ஏறத்தாழ 22,000 அடி உயரத்து முகாமிலே அதனை நேரிற் கேட்ட மொறிஸ், அன்று மாலையே உருகும் பனியினூடே கீழிறங்கினார். போட்டி இதழ்கள் அறியாவண்ணம், பனிநிலை சீர்கெட்டது என்னும் பொருள்படும் குறிச்சொற்களில் வெற்றிச் செய்தியை ஒளித்தனுப்பினார். ஜூன் 2 இல், எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு நாட் காலையிலே, இலண்டன் மக்கள் அச்செய்தியைப் படித்தனர்.

1960 இல் வெளிவந்த 'வெனிஸ்' என்னும் நூல் அவர் புகழை நிலைநிறுத்தியது. ஆயினும் உள்ளத்துப் போராட்டம் ஓயவில்லை. 1964 இல் மருத்துவ சிகிச்சையைத் தொடங்கினார். முதலில் மணமுறிவு பெறுமாறு பிரித்தானிய மருத்துவர் கேட்க, அதற்கு அப்போது இசையாது, 1972 இல் மொறொக்கோ நாட்டுக் கசபிளாங்காவிலே அறுவைச் சிகிச்சை பெற்றார். இரு பெண்களின் மணத்தை அக்காலச் சட்டம் ஏற்காமையால், பின்னர் மணமுறிவும் நேர்ந்தது. சட்டம் பிரித்தபோதும் இருவரும் பிரியாது வாழ்ந்தனர். 1974 இல், புதிர் எனப் பொருள்படும் தலைப்பிலே தம் வரலாற்றை அவர் ஒளிவின்றி எழுதினார்.

பிரித்தானியப் பேரரசின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கூறும் அவருடைய மூன்று நூல்களுள் முதலாவது 1968 இல் ஜேம்ஸ் என்னும் பெயரில் வந்தது, இறுதியானது 1978 இல் வந்தது. பெயர் மாறியது, நடையின் அழகு மாறவில்லை.

2008 இல் சட்டம் இடந்தரவே, இருவரும் தம் வாழ்க்கைத் துணைமையை மீண்டும் பதிவு செய்தனர். 2020 நவம்பர் 20 இல், 94 ஆம் வயதிலே, வேல்ஸ் நாட்டில் மொறிஸ் மறைந்தார். இரு நண்பர்கள் ஒரே வாழ்வின் முடிவில் இங்கே உறங்குகின்றனர் என்னும் கருத்தமைந்த கல்லறைக் கல்லை அவ்விருவரும் முன்னரே ஆயத்தம் செய்திருந்தனர்.